கோணல் விரல் ரொட்டி

மட்காவ்
பிப்ரவரி 11

சௌபாக்கியவதி சிவலீலாவுக்கு குருபாதப்பாவின் ஆசிகள். இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் சுமங்கலாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் எனக்குத் தூக்கம் பிடிக்கும். அதனால் உடனே எழுது.

வேலை கிடைத்துவிட்டது. ஒரு கட்டட கான்ட்ராக்டரின் கிடங்கில் டைம்கீப்பர். காலையில் ஆட்களை எண்ண வேண்டும், சாயங்காலம் சிமெண்ட் மூட்டைகளை எண்ணிப் பூட்ட வேண்டும். மில்லில் தறிக்காரர்களை மேய்க்கும் ஜாபராக இருந்தபோது ஒரு வரிசைத் தறி முழுக்க என் பேச்சைக் கேட்டது. இங்கே மூட்டைகள் கேட்கின்றன. மில்லைப் பூட்டிய பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்து உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு இது எவ்வளவோ மேல்.

கடலோர ஊர், முழுக்க மீன் வாடை. நல்லவேளை, கதக் ஊர்க்காரர் வீரப்ப சாவுகார் நம்மவர்களுக்கென்று ஒரு கானாவளி நடத்துகிறார். ரெண்டு வேளையும் அங்கேதான் சாப்பாடு. அவர் வீட்டுச் சோள ரொட்டி தடித்துப் போய் வாயில் இழுக்கிறது. உன் ரொட்டியின் ஓரத்தில் ஒரு சின்னப் பிறை விழுமே, கிணற்று ராட்டினத்தில் நசுங்கிக் கோணலாய்ப் போன உன் மோதிர விரல் தட்டாமல் விடுகிற இடம், அதைத் தட்டில் தேடினேன். பசி வந்தால் மனுஷனுக்குப் புத்தி இப்படித்தான் போகும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் அனுப்பும் பணத்தில் வாடகையும் அரை வயிறும்தான் ஆகும். உகாதி வரை பார். முடியவில்லையென்றால் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊரில் மல்லப்பா அண்ணா வீட்டுக்குப் போய்விடுங்கள். அங்கே ஏழாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை என்று எனக்கும் தெரியும். சுமா ஒன்பதோடு நின்றால் உலகம் நின்றுவிடாது.

கிளம்புகிற அன்று பஸ் ஸ்டாண்டில் நீ ஒன்று சொன்னாயே, ரொட்டி தட்டிக் கடைக்குப் போடலாம் என்று, அந்தப் பேச்சு வேண்டாம். நம் வீட்டில் ரொட்டி கொடுப்பதற்கு, விற்பதற்கு இல்லை. ஜாபர் பெண்டாட்டி ரொட்டி விற்கிறாள் என்று என் காதில் விழக்கூடாது.

உன் பதிலுக்கு வழி பார்க்கும்,
குருபாதப்பா

*

ஹூப்ளி
மார்ச் 4

என் வீட்டுக்காரர் பாதங்களுக்கு சிவலீலாவின் நமஸ்காரம். பசவண்ணன் புண்ணியத்தில் இங்கே ரெண்டு பேரும் சுகம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே?

தாமதத்துக்குக் கோபிக்க வேண்டாம். வீட்டைக் கொஞ்சம் வழிக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தேன். வெந்நீருக்கு இப்போது விறகு வாங்குவதில்லை. எண்ணெய்ச் செக்கில் கடலைத் தோலைச் சாக்கு சாக்காகக் குப்பையில் கொட்டுகிறார்கள், கேட்டால் சும்மா தருகிறார்கள். காய்கறிக்குச் சந்தை கலைகிற நேரத்துக்குப் போகிறேன். கத்தரிக்காய்க்காரி, "யக்கா, மிச்சத்தைத் திரும்பச் சுமக்க என்னால ஆகாது, அள்ளிட்டுப் போ" என்கிறாள். சுமா பழைய நோட்டுகளில் எழுதாத பக்கங்களைப் பிரித்துத் தைத்து ஒரு புது நோட்டு செய்துவிட்டாள். டீயில் பால் இல்லை. முதல் ரெண்டு நாள் கஷ்டம், அப்புறம் நாக்குக்கு மறந்துபோகிறது.

வாடகை கொடுத்தாகிவிட்டது. சுமாவுக்கு கணக்குப் பரீட்சையில் வகுப்பிலேயே முதல் மார்க். வாத்தியாரம்மா கூப்பிட்டு, "இவள நிறுத்திடாதீங்கம்மா" என்றார். நீங்கள் எழுதியதை நினைத்துக்கொண்டே வீடு வந்தேன்.

ரொட்டியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.
சிவலீலா

*

மட்காவ்
ஏப்ரல் 2

சிவலீலாவுக்கு ஆசிகள். இருமல் போய்விட்டது, இந்த ஊர்க் காற்றுக்கு அதைப் பிடிக்கவில்லை. நீங்கள் சுகம்தானே?

உன் கடிதத்தைக் கூட இருக்கும் பையன்களுக்குப் படித்துக் காட்டினேன். "உங்க வீட்டம்மாவ நம்ம கான்ட்ராக்டருக்கு அனுப்புங்கண்ணா, கம்பெனி பொழச்சிடும்" என்று கேலி செய்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

உகாதி போகட்டும், ஜூன் வரை பார்க்கலாம். இந்த மாதம் கொஞ்சம் கூட்டி அனுப்பியிருக்கிறேன். சிக்கனம் உனக்கு மட்டும்தான் வருமா? நானும் பிடிக்கிறேன்.

ஒரு சந்தேகம். ரொட்டி விஷயத்தைப் "படித்தேன்" என்று எழுதினாய். "சரி" என்று எழுதவில்லை.

சுமாவுக்கு முத்தம்.
குருபாதப்பா

*

ஹூப்ளி
ஏப்ரல் 30

வணங்கி எழுதுவது சிவலீலா. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி சுகம். அங்கே கடல் இருக்கிறதே, குளிர்ச்சியாக இருப்பீர்கள்.

நல்ல சேதி. பத்தாவது பாடப்புத்தகம் முழுசும் வாங்கியாயிற்று. பாதி பழையது, பாதி புதுசு. பள்ளிக்கூடத்துக்குக் கட்டவேண்டியதையும் கட்டிவிட்டேன். எப்படி என்று கேட்பீர்கள். மண்ணெண்ணெய் மிச்சம். ஒரே அடுப்பில் கீழே பருப்பு, மேலே அரிசி. தலைக்கு எண்ணெய் வாரத்துக்கு ஒருநாள்தான். உப்புகூடக் கல்லுப்பு, பாதி விலைக்கு வருகிறது. சின்னச் சின்னதாகச் சேர்ந்தால் பெரிசாகிவிடுகிறது.

தண்ணீர் இழுத்து இழுத்து மணிக்கட்டு கொஞ்சம் வலி. எதிர்வீட்டுக் கல்லவ்வா எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தாள். கவலைப்பட ஒன்றுமில்லை. கீழே சுமா ரெண்டு வரி எழுதவேண்டுமாம்.

சிவலீலா

அன்புள்ள அப்பாவுக்கு, சுமங்கலா நமஸ்காரம். நான் நன்றாகப் படிக்கிறேன். நம் வீட்டில் கோழி கூவுவதற்கு முன்னாலேயே அம்மா எழுந்துவிடுகிறாள், சத்தம் கேட்காமல் இருக்கப் பலகைக்கு அடியில் சாக்கு மடித்துப் போட்டு, அம்மா பேனாவைப் பிடுங்குகிறாள் அப்பா

*

மட்காவ்
மே 15

சிவலீலாவுக்கு. நான் சுகம். நீ சுகமா என்பதை நேராகச் சொல்.

உப்பில் மிச்சம் பிடித்துப் பாடப்புத்தகம் வாங்கிய பொம்பளையை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. நான் படிக்காதவன் இல்லை. டீயில் பாலை நிறுத்தினால் என்ன மிஞ்சும், பள்ளிக்கூடத்துக்கு என்ன கட்டவேண்டும் என்று எனக்குத் தெரியும். ரெண்டுக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதை நீ எதைப் போட்டு மூடினாய்?

உன் மூக்குத்தியை விற்றாயா? வட்டிக்காரனிடம் போனாயா? நம் தெருவில் வட்டிக்கு வாங்கிய ரெண்டு குடும்பம் என்ன ஆயிற்று என்று நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். சுமா எழுதிய பாதி வரியையும் படித்தேன். பலகைக்குக் கீழே சாக்கு எதற்கு?

எனக்குப் பயமாக இருக்கிறது சிவலீலா. அதனால் அண்ணாவுக்கு எழுதிவிட்டேன். தெருவுக்கு ரொட்டி பகிரும் ரொட்டிப் பண்டிகையும் நாகபஞ்சமியும் முடிந்த மறுநாள் வண்டி கொண்டுவந்து உங்களை ஊருக்கு அழைத்துப்போவார். அதற்குள் நீ என்னிடம் உண்மையைச் சொன்னால் யோசிக்கலாம்.

குருபாதப்பா

*

ஹூப்ளி
மே 27

நமஸ்காரம். எல்லாரும் சுகம்.

மூக்குத்தி மூக்கில்தான் இருக்கிறது. வட்டிக்காரன் வாசலை மிதிக்கவில்லை. சுமாவின் மேல் சத்தியம். இதற்குமேல் கேட்காதீர்கள், எனக்குப் பொய் சொல்ல வராது.

நானும் ஒன்று கேட்கிறேன். சம்பளம் கூடியதாக நீங்கள் எழுதவே இல்லை. ரெண்டு மாதமாகக் கூட்டி அனுப்புகிறீர்களே, அது எங்கிருந்து வருகிறது? கடலிலிருந்தா?

அண்ணாவுக்கு எழுதும் முன் எனக்கு எழுதியிருக்கலாம். கடிதத்தைப் படித்துவிட்டு சுமா ராத்திரி சாப்பிடவில்லை. "நான் ஊர்ல போய் சாணி தட்டவா அக்ஷரம் கத்துக்கிட்டேன்?" என்றாள்.

சிவலீலா

*

ஹூப்ளி
ஜூலை 8

என் வீட்டுக்காரருக்கு நமஸ்காரம். ஒரு மாதத்துக்கு மேலாகிறது, உங்களிடமிருந்து ஒரு கார்டுகூட இல்லை. பணம் மட்டும் வருகிறது, மணியார்டரின் அடியில் எழுதுகிற ரெண்டு வார்த்தையும் இல்லை. உடம்பு சரியில்லையா? கோபமா? கோபமென்றால் திட்டியாவது எழுதுங்கள்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. சுமா தினமும் முதல் பெஞ்சில் உட்கார்கிறாளாம், இன்னும் எத்தனை நாளோ என்று. உங்கள் அண்ணாவிடமிருந்து கடிதம் வந்தது. பஞ்சமிக்கு மறுநாள் வருகிறாராம், பாத்திரங்களைக் கட்டிவைக்கச் சொல்கிறார்.

நான் கட்டவில்லை. உங்கள் வாயால் ஒரு வார்த்தை வரட்டும் என்று இருக்கிறேன்.

சிவலீலா

*

மட்காவ்
ஜூலை 20

சிவலீலாவுக்கு ஆசிகள். உயிரோடு இருக்கிறேன். மழையில் விரலிடுக்கெல்லாம் புண், பேனா பிடிக்க முடியவில்லை, அதனால்தான் தாமதம்.

இங்கே மழைக்காலத்தில் ஈர மாவு புளித்துப் போகிறது என்று சாவுகார் ரொட்டி சுடுவதை நிறுத்திவிட்டார். போன மாதத்திலிருந்து ஹூப்ளியிலிருந்து மொறுமொறுப்பு ரொட்டி மூட்டையாக வருகிறது. ரொம்ப நல்ல ரொட்டி. மெல்லிசு, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிகிறது. ஆனால் கட்டுகிறவர்களுக்குக் கட்டத் தெரியவில்லை. சாக்கில் அப்படியே அடுக்குகிறார்கள், பஸ் குலுக்கலில் அடி வரிசை முழுக்க நொறுங்கிப்போகிறது. மூங்கில் கூடையில் அடியில் வைக்கோல் போட்டு, அடுக்குக்கு அடுக்கு செய்தித்தாள் வைத்தால் ஒன்றுகூட உடையாது. ஓரத்தை அவ்வளவு மெல்லிசாக விடவும் வேண்டாம்.

அங்கே உனக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்.

பஞ்சமிக்கு எனக்கு லீவு இல்லை. அண்ணா வருவதைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

குருபாதப்பா

*

ஹூப்ளி
ஆகஸ்ட் 10

பாதங்களுக்கு நமஸ்காரம். நாங்கள் சுகம். உங்கள் விரலிடுக்குப் புண்ணுக்கு மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் போடுங்கள்.

நீங்கள் எழுதியதைப் பத்துத் தரம் படித்தேன். உங்களுக்குத் தெரிந்துபோயிற்று என்பது முதல் தரத்திலேயே தெரிந்தது. திட்டவில்லையே என்று ஒரு மணிநேரம் அழுதேன். அப்புறம் மெல்ல வேறொன்று உறைத்தது. சாப்பிட வருகிறவன் தட்டில் இருக்கும் ரொட்டியைப் பார்ப்பான். மூட்டையின் அடி வரிசை நொறுங்கியது அவனுக்கு எப்படித் தெரியும்? மூட்டையைப் பிரிக்கிறவனுக்குத்தான் தெரியும். மழை கால்விரல் இடுக்கில் புண் வைக்கும். கைவிரல் இடுக்கில் புண் வைப்பது பாத்திரம் கழுவுகிற தண்ணீர். கூட்டி அனுப்பிய பணம் எந்தக் கடலிலிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது. தறி வரிசையை ஆட்டிவைத்த கை எச்சில் தட்டைத் தேய்க்கிறது என்று நினைத்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

இனி என் பங்கு. நீங்கள் கிளம்பிய வாரமே ஆரம்பித்துவிட்டேன். சந்தையில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் தாராபாய்க்குத்தான் போடுகிறேன், உங்கள் ஊர் மூட்டையும் அங்கிருந்துதான் வருகிறது. விடியும் முன் தட்டுவேன், சத்தம் கேட்கக்கூடாது என்று பலகைக்கு அடியில் சாக்கு. அப்படியும் கல்லவ்வா ஒருநாள், "உன் வீட்ல தினமும் யாருடி விருந்தாளி? இவ்ளோ நேரம் தட்டுறே?" என்று கேட்டுவிட்டாள். உங்கள் சித்தப்பா குடும்பம் வந்திருக்கிறது என்றேன். உங்களுக்குச் சித்தப்பாவே இல்லை, அவளுக்கு அது தெரியாது.

ரொட்டிப் பண்டிகை அன்று சாயம் வெளுத்துவிட்டது. மறுநாள் பஞ்சமிக்கு அடுப்பில் கல் போடக்கூடாதே, அதனால் கடைக்கு ரெண்டு நாள் ரொட்டியும் சேர்த்து முதல்நாளே தட்டி அடுக்கிவைத்திருந்தேன். தெருவுக்குக் கொடுக்க எள் போட்டுத் தடிமனாகத் தனியே வைத்திருந்தேன். அவசரத்தில் சுமா அடுக்கு மாறி எடுத்துவிட்டாள். நம் வழக்கமான ஐந்து வீட்டுக்கும் கடை ரொட்டிதான் போயிற்று, மேலே கத்தரிக்காய்க் கறியோடு.

கொஞ்ச நேரத்தில் கல்லவ்வா ரெண்டு கையிலும் ரெண்டு ரொட்டியோடு வந்து நடுத்தெருவில் நின்றாள். "ஏடி, இது நீ கொடுத்தது. இது என் மருமக கடையில வாங்கினது. ரெண்டுலயும் அதே பிறை. உன் புருஷனோட சித்தப்பா குடும்பமா இதெல்லாம் தின்னுது?" தெருவே பார்த்தது. நிலம் பிளந்து என்னை விழுங்கட்டும் என்று இருந்தது.

"ஆமாக்கா, விக்கிறேன்" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "திருட்டு முண்ட, சாக்கு போட்டுத் தட்டினா மணிக்கட்டு போகாம என்ன ஆகும்? மில்லு பூட்டினதுல உன் வீடு மட்டுமா பட்டினி? ரெண்டாவது கல்ல நான் போடுறேன், சத்தமாவே தட்டுவோம்!" சனிக்கிழமையிலிருந்து அவளும் வருகிறாள்.

பஞ்சமிக்கு மறுநாள் உங்கள் அண்ணா வண்டியோடு வந்தார். "சாமான் எங்கம்மா சிவலீலா?" என்றார். "கட்டல பாவா. சுமா பரீட்சை முடியட்டும்" என்றேன். அவர் கண் சிவந்துவிட்டது. "வெளியூர்ல இருக்கிற தம்பி என்னை நம்பி எழுதியிருக்கான். நாளைக்கு ஒண்ணுன்னா அவன் யாரைக் கேப்பான்? என்னைத்தான். அவன் கையெழுத்துல 'வேண்டாம்'னு வந்தா நான் ஏன் வரப்போறேன்? அந்தக் கடுதாசி வரலேன்னா, வர்ற அமாவாசைக்கு மறுபடி வருவேன், அப்ப பேச்சே கிடையாது." தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போனார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ரொட்டி ஒரு அடுக்கு வண்டியில் வைத்தேன், வேண்டாம் என்று சொல்லவில்லை.

இப்போது எல்லாம் உங்கள் கையில். நீங்கள் நிறுத்து என்றால் நிறுத்துகிறேன், மனசாரத்தான் நிறுத்துவேன் என்று மட்டும் பொய் சொல்லமாட்டேன். சுமா இன்றைக்கும் முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்தாள்.

சிவலீலா

*

மட்காவ்
ஆகஸ்ட் 18

என் சிவலீலாவுக்கு. நான் சுகம், புண் ஆறிவருகிறது. மஞ்சள் எரிந்தது, உன் பேச்சு மாதிரியே. உன் மணிக்கட்டுக்கு என்ன செய்கிறாய் என்று அடுத்த கடிதத்தில் எழுத வேண்டும்.

நீ கண்டுபிடித்தது சரி. மார்ச்சிலிருந்து, கிடங்கைப் பூட்டிய பிறகு கானாவளியில் வேலை. முதலில் தட்டு கழுவினேன், இப்போது பரிமாறுகிறேன். ரெண்டு வேளைச் சோறும் மேலே கொஞ்சமும் கிடைக்கிறது. ரொட்டி விற்கக்கூடாது என்று உனக்குச் சட்டம் போட்டவன் ஊரான் ரொட்டியைப் பரிமாறிக் கூலி வாங்கினேன். எழுத வெட்கமாக இருந்தது.

ஜூனில் முதல் மூட்டை வந்தபோது நான்தான் பிரித்தேன். மேல் ரொட்டியில் பிறை இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. நூறு ரொட்டி, நூறு பிறை. சாக்கைப் பிடித்துக்கொண்டு கீழேயே உட்கார்ந்துவிட்டேன். சாவுகார், "என்ன ஜாபர், தலை சுத்துதா?" என்றார். கோபம்தான் முதலில் வந்தது. அதனால்தான் உனக்கு எழுதவில்லை. எழுதியிருந்தால் கண்டதையும் எழுதியிருப்பேன்.

ஆனால் தினமும் அதை எடுத்து ஆட்களுக்குப் போடவேண்டியிருந்ததே. பசித்து வருகிறவன் உன் ரொட்டியை ஒடிப்பதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தால் கோபம் எத்தனை நாளைக்கு நிற்கும்? போன வாரம் ஒரு தார்வாட் லாரிக்காரர் வந்தார். ஒரு வாய் போட்டுவிட்டு நிமிர்ந்து, "ஏம்ப்பா, இது எந்தக் கடை ரொட்டி? ஊட்ல சாப்பிட்ட மாதிரி இருக்குது" என்றார். நான் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தேன். சாவுகாரும் இருந்தார், கூட வேலை செய்கிற பையன்களும் இருந்தார்கள்.

"கடை ரொட்டி இல்லீங்க. எங்க வீட்டு ரொட்டி. என் பெண்டாட்டி தட்டினது" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. அவர், "இன்னொண்ணு போடு" என்றார். போட்டேன். அந்த ஒன்றுக்குக் காசு வாங்கவேண்டாம், என் கூலியில் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சாவுகாரிடம் சொன்னேன். நம் வீட்டில் ரொட்டி கொடுக்கிற வழக்கமும் இருக்கிறதே.

அண்ணாவுக்கு "வேண்டாம்" என்று என் கையெழுத்தில் இதே தபாலில் எழுதிவிட்டேன். அமாவாசைக்கு முன்னால் கிடைத்துவிடும். சுமா எந்த பெஞ்சில் வேண்டுமானாலும் உட்காரட்டும், பரீட்சை எழுதிவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். பலகைக்கு அடியில் இருக்கும் சாக்கை எடுத்துவிடு. கல்லவ்வாவிடம், எனக்குச் சித்தப்பா இல்லை என்று சொல்லிவிடு.

இந்தத் தடவை கூடை நன்றாகக் கட்டியிருந்தது, ஒன்றுகூட உடையவில்லை. ஒரே ஒரு குறை. ரொட்டிப் பண்டிகைக்கு ஐந்து வீட்டுக்குக் கொடுத்தேன் என்று எழுதினாய். ஆறாவது வீடு மட்காவில் இருக்கிறது. அடுத்த கூடையில் எல்லாவற்றுக்கும் மேலே எள் போட்டு ஒன்று வை. அதை நான் யாருக்கும் பரிமாறமாட்டேன்.

உன்
குருபாதப்பா